தொட்டிலின் காது

சிவகாசியில் என் தங்கை வீட்டில் இருந்த மின்தொட்டில் ஒருநாள் ராத்திரி ஆடாமல் நின்றுவிட்டது. பாப்பாவுக்கு அப்போது ஐந்து மாதம். மைத்துனர் ஆப்செட் அச்சகத்தில் நைட் ஷிப்ட் போயிருந்தார். தங்கைக்குக் காது கேட்காது. ஒன்றரை வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் போனது. மைத்துனருக்குப் பிறவியிலேயே கேட்காது. இரண்டு மணிக்கு ஆரம்பித்த அழுகை மூன்று மணி வரை நின்றபாடில்லை என்று பக்கத்து வீட்டு அம்மா பிறகு சொன்னார். அவர் கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே இருப்பவளுக்குக் கதவைத் தட்டினால் என்ன, தட்டாவிட்டால் என்ன? கடைசியில் இரண்டு தெரு தள்ளியிருக்கும் மாமியாரை எழுப்பி, அவரிடம் இருந்த மாற்றுச் சாவியைக் கொண்டு கதவைத் திறந்து, லைட்டைப் போட்ட பிறகுதான் தங்கை கண் விழித்தாள். பாப்பாவுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

விடியற்காலை ஐந்து மணிக்கு வீடியோ காலில் வந்தாள். அழுதுகொண்டே கை பேசும்போது சொற்கள் உடைந்துபோகும். இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னேன். "விளக்கு எரியவில்லை. பாப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்."

பிறகு அத்தையே என்னிடம் பேசினார். தங்கையின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்த மாதிரிக் கதைகளில் மாமியாரைக் கெட்டவராக்குவது ரொம்பச் சுலபம். காது கேட்காத ஒரு பையனை, புருஷன் செத்த பிறகு தனியாளாகத் தீப்பெட்டி ஒட்டி வளர்த்தவர். "நீயே சொல்லும்மா. ஏதாவது ஒண்ணு ஆகியிருந்தா யாரு பதில் சொல்றது? பகல்ல அவ வச்சுக்கட்டும். ராத்திரிக்கு எங்கிட்ட இருக்கட்டும். ஒரு அஞ்சு வயசு வரைக்குந்தான்." அஞ்சு வயசு வரைக்கும்! பால்குடி மறக்காத பிள்ளை அது. இரண்டு நாள் பொறுங்கள் அத்தை, நான் வந்து பார்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

எனக்குள் குறுகுறுப்பு இருந்தது. அந்த விளக்கை மாட்டியது நான்தான்.

அதற்கு முன்னால் தங்கையிடம் அவளுடைய சொந்த ஏற்பாடு ஒன்று இருந்தது. சேலைத் தொட்டிலில் ஒரு கயிற்றைக் கட்டி, மறு நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு தூங்குவாள். பாப்பா உதைத்தால் கயிறு இழுக்கும். பல நாடுகளில் காது கேளாத தாய்மார்கள் இப்படி நூலோ கயிறோ கட்டிப் பிள்ளை வளர்த்த கதைகளைச் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் காப்புரிமைப் பட்டியலிலும் ஏறாத கண்டுபிடிப்பு. பிறகு மைத்துனரின் நண்பர்கள் பணம் போட்டு மின்தொட்டில் வாங்கிக் கொடுத்தார்கள். குழந்தை அழுதால் அதிலுள்ள சவுண்ட் சென்சார் உணர்ந்து, மோட்டார் தானாக ஆட்டும். அதைப் பார்த்ததும் தங்கை கேட்ட முதல் கேள்வி: "பிள்ளை அழுது, தொட்டில் ஆட்டி, பிள்ளை தூங்கிவிட்டால், அழுதது எனக்கு எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. காது கேட்கும் தாயைத் தூங்கவைப்பதற்காகச் செய்த சாதனம் அது. அழுகையைத் தாயிடம் சேர்ப்பது அதன் நோக்கத்திலேயே கிடையாது. அதனால் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்திலிருந்து ஒரு ரிலேக்கு இணைப்பு எடுத்து, அவள் தலைமாட்டில் ஒரு பல்பை மாட்டினேன். தொட்டில் ஆடினால் பல்பு எரியும். நான் மகளிர் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தவள், மதுரையில் இன்வெர்ட்டர் சர்வீஸ் பார்ப்பவள். அரைமணி நேர வேலை. பெருமையாக இருந்தது. கயிற்றை அவிழ்த்து வைத்துவிட்டாள்.

அந்தச் சாதனத்தின் பெட்டியில் சேவை மையம் என்று ஒரே ஒரு தொலைபேசி எண் போட்டிருந்தது. பேசித்தான் புகார் சொல்ல வேண்டும். தங்கை அதைக் காட்டிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்கு வயது நூற்றைம்பது. ஒலியை உணரும் கருவிகளின் வரலாற்றைத் தேடிப் போனால், காது கேளாத பெண்களின் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லின் அம்மா எலைசாவுக்குக் காது சரியாகக் கேட்காது. மற்றவர்கள் அவருடைய கேட்புக் குழாய்க்குள் கத்துவார்கள். மகன் மட்டும் அவர் நெற்றியருகே குனிந்து தணிந்த குரலில் பேசுவான். பெல் பிற்காலத்தில் பாஸ்டனில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். 1874இல் அவர் செய்த ஒரு கருவியைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் உடல் கூசியது. கிளாரன்ஸ் பிளேக் என்ற காது மருத்துவரிடமிருந்து இறந்த மனிதன் ஒருவனின் காதை வாங்கி, அதன் எலும்போடு ஒரு வைக்கோல் துரும்பைப் பொருத்தினார். காதுக்குள் பேசினால் செவிப்பறை அதிரும். துரும்பு ஆடி, புகை படிந்த கண்ணாடியில் கோடு கிழிக்கும். தங்கள் குரல் எப்படி இருக்கிறது என்று காது கேளாத பிள்ளைகள் கண்ணால் பார்த்துப் பழகட்டும் என்பதுதான் அந்த ஆராய்ச்சியின் நோக்கம். அதாவது, ஒலியைக் கண்ணுக்குக் காட்டுவது. என் தங்கையின் தலைமாட்டுப் பல்பு செய்யும் அதே வேலை.

அந்தச் செவிப்பறையின் அதிர்வைப் பார்த்துத்தான் தொலைபேசிக்கான யோசனை பெல்லுக்கு வலுப்பட்டது. 1876இல் தொலைபேசி வந்தது. துரும்பும் கண்ணாடியும் மறந்துபோயின. காது கேளாதவர்களுக்காகத் தொடங்கிய தேடல், காது கேட்பவர்களுக்கு மட்டுமான ஒரு கருவியில் போய் முடிந்தது. காது கேளாத இயற்பியலாளரான ராபர்ட் வைட்பிரெக்ட் தட்டச்சு எந்திரத்தைத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்து, எழுத்தால் பேசிக்கொள்ள வழி செய்தது 1964இல். நடுவே 88 வருடம்.

பெல்லின் மனைவி மேபெல் ஹப்பர்ட் அவரிடம் படித்த மாணவி. ஐந்து வயதில் ஸ்கார்லட் காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். உதட்டசைவைப் படிப்பதில் கெட்டிக்காரர். 1877 ஜூலையில் கல்யாணம். கல்யாணப் பரிசாகத் தொலைபேசிக் கம்பெனியில் தனக்கிருந்த பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் மனைவி பெயருக்கு மாற்றினார் பெல். தொலைபேசிக் கம்பெனியின் பெரும் பங்குதாரர்களில் ஒருவர், தொலைபேசியில் ஒரு வார்த்தையும் கேட்க முடியாத பெண். வரலாற்று நூல்களில் இது ஒரு காதல் கதையாக வரும். நானும் அப்படித்தான் முதலில் படித்தேன்.

ஆறு வருடம் கழித்து, 1883 நவம்பரில், அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகத்தின் கூட்டத்தில் பெல் ஒரு நீண்ட அறிக்கையை வாசித்தார். மனித இனத்தில் காது கேளாத ஒரு வகை உருவாகிக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். காது கேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்வதுதான் காரணம் என்றார். சட்டம் போட்டுத் தடுக்கலாமா என்று யோசித்து, அது பலன் தராது என்று ஒதுக்கினார். அதைவிட நுட்பமான வழிகளைச் சொன்னார்: அவர்களை ஒரே விடுதிப் பள்ளியில் சேர்ந்து வாழ விடக் கூடாது, சைகைமொழி கூடாது, காது கேளாத ஆசிரியர்கள் கூடாது. ஒருவரையொருவர் சந்திக்காவிட்டால் கல்யாணம் எங்கிருந்து வரும்? ஏற்கெனவே 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர்கள், சைகையைவிட வாய்ப்பேச்சே உயர்ந்தது என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். வந்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே காது கேட்பவர்கள். பல நாடுகளின் பள்ளிகளில் பிள்ளைகளின் கைகள் மேசைக்குக் கீழே போயின. எங்கள் தங்கை படித்த பள்ளியிலும், நூறு வருடம் கழித்தும், கையை ஆட்டினால் ஸ்கேலால் அடி விழுந்தது. 1921இல் நியூயார்க்கில் நடந்த இரண்டாம் அனைத்துலக இனமேம்பாட்டு மாநாட்டுக்கு பெல் கௌரவத் தலைவர்.

மேபெலின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்க முயன்றேன். 1878இலும் 1880இலும் அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. 1881இலும் 1883இலும் பிறந்த ஆண் குழந்தைகள் இரண்டும் நிலைக்கவில்லை. கணவர் அந்த அறிக்கைக்குக் குடும்ப வம்சாவளிகளை அலசிக்கொண்டிருந்த அதே வருடங்கள் அவை. பெல் எதிர்த்தது காது கேளாத இருவர் தங்களுக்குள் செய்துகொள்ளும் கல்யாணத்தை. காது கேட்கும் ஒருவரைக் கட்டிக்கொண்ட மேபெல் அந்தக் கணக்கில் வரமாட்டார். என் தங்கை வருவாள். கல்யாணப் பேச்சு நடந்தபோது எங்கள் சித்தப்பா கேட்டது பெல்லின் கேள்விதான், பெல் என்ற பெயரே அவருக்குத் தெரியாவிட்டாலும்: "ரெண்டு பேருக்கும் கேக்காதுன்னா, பொறக்கறதுக்கு?" பாப்பா பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ஆளாளுக்குக் காதருகே கை தட்டிப் பார்த்தார்கள். திடுக்கிட்டு விழித்தது. எல்லோருக்கும் நிம்மதி. தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏன் என்று பிறகு கேட்டேன். "கேட்காமல் பிறந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்றாள்.

சிவகாசிக்குப் போய் இறங்கியபோது காலை பத்து மணி. இரவு மாமியார் வீட்டில் புட்டிப்பால் குடித்துவிட்டு வந்த பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. தங்கைக்குப் பால் கட்டி மார்பு கல்லாகியிருந்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடியே, முதலில் தொட்டிலைப் பார் என்று கையால் விரட்டினாள்.

பழுது பார்ப்பதில் ஒரே ஒரு ஒழுங்குதான் உண்டு: கெட்டுப்போயிருக்கும் என்று தோன்றுவதைக் கழற்றுவதற்கு முன்னால், கெடாமல் இருப்பது எது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தொட்டிலின் கை சுவிட்சைப் போட்டேன். ஆடியது, பல்பும் எரிந்தது. ஆக அடாப்டர், மோட்டார், ரிலே, என் இணைப்பு எல்லாம் சரி. தானியங்கிக்கு மாற்றிவிட்டுக் கை தட்டினேன். ஒன்றும் இல்லை. மூடியைக் கழற்றினால் உள்ளே பலகையில் ஒலி வந்தால் மின்னும் சின்னச் சிவப்பு எல்.இ.டி. இருந்தது. உணர்திறன் திருகைக் கடைசி வரை திருகிவிட்டுத் தட்டினாலும் அது மின்னவில்லை. பிறகு ஒரு பழைய வித்தை. ஸ்க்ரூடிரைவரின் இரும்புத் தண்டை விரலால் தொட்டபடி, அதன் நுனியை மைக்கிலிருந்து பெருக்கிக்குப் போகும் முனையில் வைத்தேன். நம் உடம்பு சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கிறது. எல்.இ.டி. படபடவென்று மின்னி, தொட்டில் ஆடத் தொடங்கியது. பெருக்கி உயிரோடு இருக்கிறது. மிச்சம் இருப்பது மைக் மட்டும்.

மைக்குக்கு ஒரு மின்தடை வழியாக ஐந்து வோல்ட் வருகிறது. மைக் நல்லபடி இருந்தால் கொஞ்சம் மின்னோட்டத்தை உறிஞ்சும், அதனால் அதன் முனையில் வோல்டேஜ் குறைந்து தெரியும். ஊதினால் எண் அசையும். பலகையில் மீட்டரை வைத்தேன்: முழுசாக ஐந்து. எதுவும் உறிஞ்சப்படவில்லை. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். மைக் செத்திருக்கலாம், அல்லது பலகையிலிருந்து மைக்குக்குப் போகும் ஒரு முழ ஒயர் அறுந்திருக்கலாம். தொட்டில் துணியில் கவ்வியிருந்த மைக் டப்பியைத் திறந்து, மைக்கின் காலிலேயே அளந்தேன். அங்கேயும் ஐந்து வந்து நின்றது. ஒயர் சரி, செத்தது மைக். கவிழ்த்துப் பார்த்தால் இரண்டு கால்களைச் சுற்றியும் பச்சைக் களிம்பு. டப்பி தொட்டிலின் அடிப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து மாதப் பிள்ளை ராத்திரியில் எத்தனை தடவை ஒன்றுக்குப் போகும்? துணி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி அரித்துவிட்டது. தொட்டிலின் காதை எங்கே வைப்பது என்று முடிவு செய்தவர், தொட்டில் துணி ஒன்றைக்கூட அலசிப் பார்த்திருக்கமாட்டார் என்று தங்கையிடம் சொன்னேன். ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

ஒரு மிளகாய் விதைப் பொட்டலம் போலக் கையில் கிடந்தது, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய அலுமினியக் குப்பி. இதற்கு எலெக்ட்ரெட் மைக் என்று பெயர். காந்தம் என்பது நிரந்தரமாகக் காந்தத் தன்மையைப் பிடித்து வைத்திருப்பது போல, மின்னூட்டத்தை நிரந்தரமாகப் பிடித்து வைத்திருக்கும் பொருள் எலெக்ட்ரெட். அந்தச் சொல்லை 1885இல் உருவாக்கியவர் ஆலிவர் ஹெவிசைடு. அவருக்கும் இளவயதுக் காய்ச்சலால் காது மந்தம். ஜப்பானில் மோட்டோட்டாரோ எகுச்சி உருக்கிய மெழுகை மின்புலத்தில் உறையவைத்து அப்படி ஒரு பொருளைச் செய்தார். ஆனால் அது மைக்குக்கு உதவும்படி ஆனது 1962இல்தான். பெல் ஆய்வுக்கூடத்தில் ஜெர்ஹார்டு செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் மெல்லிய படலத்தில் மின்னூட்டத்தைச் சிறைப்பிடித்தார்கள். குப்பிக்குள் அந்தப் படலம் ஒலிபட்டு அசைய, பக்கத்தில் இருக்கும் டிரான்சிஸ்டர் அந்த நுண்ணிய மாற்றத்தை வெளியே சொல்லும். அதற்கு முன்பிருந்த நல்ல மைக்குகளுக்கு அதிக வோல்டேஜும் அதிகப் பணமும் வேண்டும். இது வந்த பிறகு டேப் ரெக்கார்டர், தொலைபேசி, காதுக் கருவி, பொம்மை என்று சகலத்துக்குள்ளும் மைக் நுழைந்தது.

வெஸ்ட் கறுப்பினத்தவர். வர்ஜீனியாவில் இன ஒதுக்கல் நடைமுறையில் இருந்தபோது பிறந்தவர். எட்டு வயதில் ஒரு ரேடியோவை ரிப்பேர் செய்து, கட்டிலின் பித்தளைச் சட்டத்தில் ஏறி நின்று கூரையிலிருந்த மின்முனையில் சொருகி, ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டார். அண்ணன் தம்பிகளில் ஒருவர் தள்ளிவிட்டுக் காப்பாற்றினார். அவருடைய அம்மா மட்டில்டா ஆசிரியை, கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் ஈடுபட்டதற்காக வேலையை இழந்தவர். மைக்கின் வரலாற்றில் இந்த அம்மாவுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. அந்த ஒரு வரியும் பல கட்டுரைகளில் இல்லை.

ரிலேயைப் பற்றியும் சொல்ல வேண்டும், என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. அந்தத் தொட்டிலில் நான் மாட்டியது இன்றைய சின்ன பிளாஸ்டிக் ரிலே. அதன் பாட்டிகள் தொலைபேசி நிலையங்களில் லட்சக்கணக்கில் இருந்தன. பெல்லின் கம்பெனி வழிவந்த தொலைபேசி நிறுவனத்துக்குக் கருவிகள் செய்துகொடுத்த ஹாத்தார்ன் ஆலை சிகாகோவுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே 1927இல் ரிலே கோர்க்கும் ஐந்து இளம்பெண்களையும் அவர்களுக்குப் பாகம் எடுத்துத் தரும் ஒருவரையும் தனி அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு ரிலேயில் முப்பத்தைந்து பாகங்கள் வரை, சுமார் ஒரு நிமிடத்தில் கோர்த்துவிடுவார்கள். ஓய்வு நேரம் கூட்டினால், வேலை நேரம் குறைத்தால், கூலி முறையை மாற்றினால் என்ன ஆகிறது என்று ஐந்து வருடத்துக்கு மேல் அளந்தார்கள். நிர்வாகப் படிப்பு படித்தவர்கள் எல்லோரும் ஹாத்தார்ன் ஆய்வு என்று பாடத்தில் இதைக் கடந்திருப்பார்கள். கவனித்தால் உற்பத்தி கூடும் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட சாரம். 1928 ஜனவரியில் அந்த ஐவரில் இருவரை மாற்றினார்கள் என்பது பாடத்தில் வருவதில்லை. அவர்கள் ரொம்பப் பேசினார்கள் என்பது முக்கியமான குற்றச்சாட்டு. அறையில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் அந்தப் பேச்சையெல்லாம் குறித்துக்கொண்டும் இருந்தார். உலகத்தைப் பேசவைக்கும் கருவியின் பாகத்தைப் பெண்கள் கோர்க்கிறார்கள், அவர்கள் பேசினால் அந்த அறையிலிருந்து மாற்றப்படுகிறார்கள்.

தொட்டிலுக்கே ஒரு முன்னோடி உண்டு. விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் இருபது மாதக் குழந்தை 1932 மார்ச்சில் கடத்திக் கொல்லப்பட்டது அமெரிக்கப் பணக்காரக் குடும்பங்களை உலுக்கியது. ஜெனித் ரேடியோ கம்பெனியின் தலைவர் யூஜீன் மெக்டொனால்டு தன் மகளுக்காகப் பிள்ளை அறையில் ஒரு மைக்கும் தன் அறையில் ஒரு ஒலிபெருக்கியும் வைக்கச் செய்தார். அது 1937 வாக்கில் விற்பனைப் பொருளானது. ஒலிபெருக்கிக்கு உருவம் கொடுத்தவர் சிற்பி இசாமு நொகுச்சி: பேக்கலைட்டில் முகமில்லாத ஒரு பெண் தலை, முக்காடிட்டது போல. பெயர் 'ரேடியோ நர்ஸ்'. அக்கம்பக்கத்து ஒலிபரப்புகளும் அதில் கலந்து வந்ததால் அதிகம் விற்கவில்லை. இன்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது. பிள்ளையின் பக்கத்தில் கண் விழித்திருந்த சம்பளக்காரப் பெண்ணின் பெயரைப் பெட்டிக்குக் கொடுத்தார்கள். அவள் செய்த மிச்ச வேலைகளை, அதாவது எழுந்து போவது, துணி மாற்றுவது, தூக்கி வைத்துக்கொள்வது, இவற்றைப் பெட்டி செய்யாது. அது தாயிடமே வந்து சேர்ந்தது. வீட்டுச் சாதனங்கள் பெருகப் பெருகத் தாயின் வேலை குறையவில்லை என்று ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் 'மோர் வொர்க் ஃபார் மதர்' நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். முன்பு ஆண்களும் வேலையாட்களும் செய்த பங்கைத்தான் சாதனங்கள் முதலில் இல்லாமலாக்கின என்பது அவருடைய வாதத்தின் கூர்மையான பகுதி.

மறுநாள் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு உதிரிபாகக் கடையில் நான்கு மைக் குப்பி வாங்கினேன். ஒன்று பத்து ரூபாய். கடைக்காரர், "ரெண்டு கால் வச்சதா, மூணு கால் வச்சதான்னு வீட்டுல கேட்டுட்டு வந்தீங்களாம்மா?" என்றார். இருபது வருடமாக இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. பணத்தை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அன்று சாயங்காலமே சிவகாசி. மாட்டுவதற்கு முன் புதிய குப்பியை மீட்டரில் வைத்துத் தங்கையை ஊதச் சொன்னேன். ஓம் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம் காட்டிக்கொண்டிருந்த எண், அவள் மூச்சுக்குத் துள்ளியது. பழையதில் ஊதினாள், அசைவே இல்லை. மறுபடி புதியதில். அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஊதுவதை விட்டுவிட்டுக் குரல் எழுப்பிப் பார்த்தாள். அவள் வெளியாட்கள் முன் குரல் எழுப்புவதே கிடையாது, சின்ன வயதில் கேலி செய்தே நிறுத்திவிட்டார்கள். 'ஆ' என்றாள், எண் ஆடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெல்லின் புகைக் கண்ணாடிதான் எனக்கு நினைவு வந்தது.

பற்ற வைப்பதை அவளையே செய்யச் சொன்னேன். இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். குப்பியின் இரண்டு கால்களில் ஒன்று உலோக உடலோடு மெல்லிய கோடுகளால் சேர்ந்திருக்கும், அது மைனஸ். மாற்றிப் போட்டால் வேலை செய்யாது. இரண்டாவது, சூடு. சூடு ஏறினால் படலத்தில் சிறைப்பட்டிருக்கும் மின்னூட்டம் கசிந்துவிடும், பிறகு அது வெறும் தகரம். உடலை இடுக்கியில் கவ்விக்கொண்டு, ஒரு காலுக்கு இரண்டு நொடிக்கு மேல் இரும்பை வைக்கக் கூடாது. முதல் குப்பியைக் கருக்கிவிட்டாள். இரண்டாவது சரியாக வந்தது. நான்கு வாங்கியது அதற்காகத்தான். டப்பியைத் தொட்டிலின் அடியிலிருந்து எடுத்து, தலைமாட்டுப் பக்கம் மேலே, துளை கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினோம்.

உணர்திறன் திருகை எங்கே நிறுத்துவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. எனக்குக் காது கேட்கும் என்பதால் நான்தான் சரியாக வைப்பேன் என்று நினைத்துவிட்டேன். மின்விசிறிச் சத்தத்துக்கு எரியக் கூடாது, குக்கர் விசிலுக்கு எரியக் கூடாது என்று கொஞ்சம் மந்தமாக வைத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "விசிலுக்கும் எரியட்டும். தெருவில் பட்டாசு வெடித்தாலும் எரியட்டும். உங்களுக்கெல்லாம் கேட்கிறதே, எனக்குத் தெரிந்தால் என்ன?" பாப்பா முனகினால்கூட எரியும் இடத்தில் திருகை நிறுத்தி, நகப்பூச்சால் ஒரு கோடு போட்டாள். ராத்திரி பத்து தடவை தூக்கம் கெடும் என்றேன். எந்தத் தாய்க்குக் கெடாது என்று கேட்டாள்.

என் தப்பு ஒன்று இன்னும் பாக்கி இருந்தது. முதல்முறை பல்பை மாட்டியபோது நான் யோசிக்காமல் விட்டது இதுதான்: பிள்ளை தூங்கினாலும் பல்பு எரியாது, மைக் செத்தாலும் பல்பு எரியாது. அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். கயிற்றில் இந்தக் குறை கிடையாது, அறுந்தால் கையில் தெரிந்துவிடும். காது செத்ததைச் சொல்ல இன்னொரு சுற்று வைக்கலாமா என்று தாளில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். தங்கை தாளை வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள், தொட்டிலுக்கு முன்னால் நின்று பலமாக ஒரு தடவை கை தட்டினாள். பல்பு எரிந்தது. "தினமும் படுக்கப் போகுமுன் இதைச் செய்தால் போதாதா?"

அத்தை மறுநாள் வந்தார். பல்பை நம்பமாட்டேன் என்றார், அவர் நம்பாததில் நியாயம் இருந்தது. ஒரு வாரம் ராத்திரி இங்கேயே வந்து படுங்கள், பிள்ளை அழுதால் நீங்கள் எழுந்திருக்கக் கூடாது, யார் முதலில் எழுகிறார்கள் என்று பாருங்கள் என்று தங்கை என் மூலமாகக் கேட்டாள். அத்தை பாயைக் கொண்டுவந்தார். ஐந்தாம் நாளே பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம் என்று மைத்துனர் சொல்லிச் சிரித்தார். மணிக்கட்டுக் கயிறும் தொட்டிலிலிருந்து போகவில்லை. இரண்டும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

மிச்சம் இரண்டு குப்பிகள் பவுடர் டப்பா ஒன்றில் பீரோவில் இருந்தன. எட்டு மாதம் கழித்து அதில் ஒன்றை அவளே மாற்றிவிட்டு எனக்குப் படம் அனுப்பினாள், பற்றவைப்பு என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு முதலில் புரியவில்லையாம், ராத்திரி பத்து மணியானால் காது கேட்காத பெண் இருக்கும் வீட்டிலிருந்து ஏன் ஒற்றைக் கைதட்டல் சத்தம் வருகிறது என்று. இப்போது அது கேட்ட பிறகுதான் அவர் வாசல் விளக்கை அணைக்கிறாராம்.